வைதாரா நிலம் யாருடையது? விரெமு கிங்கி கலகக்காரரா?

கேள்வி: “நியூசிலாந்தின் தரனாகிப் பகுதியில் 1860-ல் வெடித்த போருக்கு விரெமு கிங்கி என்ற மாவோரி (அந்நாட்டுப் பூர்வகுடி) தலைவரின் பிடிவாதம்தான் காரணம் என்று படித்தேன். வேறொருவருக்குச் சொந்தமான நிலத்தை அவர் விற்க முன்வந்தபோது இவர் எதற்காகக் குறுக்கே நின்றார்? அந்த நிலத்தில் இவருக்கு உரிமை இருந்ததா, இல்லையா?”

“வேறொருவருக்குச் சொந்தமான நிலம்” என்று கேள்வியில் போகிற போக்கில் வந்து விழுந்திருக்கிறதே, 1859-ல் ஆளுநர் தாமஸ் கோர் பிரவுன் பிடித்துக்கொண்ட பிடியும் இதேதான். வைதாரா நிலம் தெய்ரா என்ற மாவோரியுடையது, தெய்ரா விற்கிறார், கிங்கிக்கு இதில் என்ன வேலை? இப்படிக் கேட்டுவிட்டால் கிங்கி வாயைத் திறக்கும் முன்பே தோற்றுவிடுவார். உரிமை இருந்ததா என்றால், இருந்தது. அது எந்த மாதிரி உரிமை என்பதைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கும். ஏனென்றால் சண்டையே அதைப் பற்றியதுதான்.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இவருடைய இயற்பெயர் தே ரங்கிதாக்கே. ஞானஸ்நானம் பெற்றபோது வைத்த வில்லியம் கிங் என்ற பெயர் மாவோரி நாவில் விரெமு கிங்கி ஆனது. 1858-ல் வைகாட்டோவில் மாவோரிகள் தங்களுக்கென்று ஒரு மன்னரை ஏற்படுத்திக்கொண்ட மன்னர் இயக்கத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. பலரும் பெயரைப் பார்த்து அவரை அந்த இயக்கத்தின் ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள். போர் வந்து கழுத்தைப் பிடிக்கும்வரை அவர் அதில் சேராமல் ஒதுங்கியே இருந்தார். அதே தரனாகியில் விரெமு கிங்கி மதாகாதேயா என்று இன்னொரு தலைவரும் உண்டு, அவர் வேறு.

சரி, நிலத்துக்கு வருவோம். நியூசிலாந்தின் வடதீவில், மேற்குக் கரையில், தரனாகி மலைக்கு வடக்கே வைதாரா ஆறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் இரு கரையும் தே ஆத்தியாவா என்ற குலத்தாரின் பூர்வீக மண். கிங்கி பிறந்தது வடகரையில் இருந்த மனுகோரிஹி கோட்டைக் குடியிருப்பில், 1795-ஐ ஒட்டி. 1820-களிலும் 30-களின் தொடக்கத்திலும் வைகாட்டோ குலத்தார் துப்பாக்கிகளோடு தெற்கே படையெடுத்து வந்தார்கள். தே ஆத்தியாவாவில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் சிறைபிடிக்கப்பட்டு வைகாட்டோவுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பகுதி கூட்டம் கூட்டமாகத் தெற்கே நகர்ந்து கபிதித் தீவுக்கு எதிர்க்கரையில் வைகனாய் என்ற இடத்தில் குடியேறியது. கிங்கியும் அவர் தந்தையும் அங்கேதான் இருந்தார்கள். வைதாராவில் அடுப்பெரிய வைத்துக் காத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். “அடுப்பெரிய” என்று சும்மா சொல்லவில்லை. மாவோரி வழக்கில் ஒரு நிலத்தின் மீதான உரிமை அணையாமல் இருப்பதற்கு அங்கே நெருப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றே சொல்வார்கள்.

இந்த ஆளில்லாத நேரத்தில்தான், பிரிட்டிஷ் குடியேறிகளுக்காக நிலம் வாங்கும் நியூசிலாந்து கம்பெனி வந்து சேர்ந்தது. 1839-ல் கம்பெனியின் ஆள் வில்லியம் வேக்ஃபீல்ட் சில பத்திரங்களில் கையொப்பம் வாங்கினார். பத்திரத்தில் எல்லையாகக் காட்டப்பட்டவை அட்சரேகைகள். கையொப்பமிட்ட தலைவர்களுக்கு அது எவ்வளவு விளங்கியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு பத்திரத்தில் கிங்கியின் கையொப்பமும் உண்டு. பின்னாளில் அதைக் காட்டி அவரை மடக்கப் பார்த்தார்கள். 1840 பிப்ரவரியில் தரனாகியில் அப்போது இருந்த சிறு கூட்டத்திடம் இன்னொரு பத்திரமும் வாங்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் வைகனாயில் கிங்கி, பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையிலான வைதாங்கி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். மாவோரிகள் விரும்பும்வரை அவர்கள் நிலம் அவர்களிடமே இருக்கும், விற்பதானால் அரசுக்குத்தான் விற்க வேண்டும் என்று சொன்ன ஒப்பந்தம் அது.

1841-ல் நியூ பிளிமத் என்ற குடியேற்ற ஊர் உருவானது. கம்பெனியின் கொள்முதல்களை விசாரிக்க வந்த ஆணையர் வில்லியம் ஸ்பெய்ன், 1844-ல் 60,000 ஏக்கரைக் கம்பெனிக்குக் கொடுத்தார். வைதாராவும் அதற்குள் அடக்கம். ஊரில் இல்லாதவர்களுக்கும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கும் உரிமை போய்விட்டது என்பது அவர் கணக்கு. வீட்டைத் திருடன் காலி செய்துவிட்டால் வீட்டுக்காரனுக்கு உரிமை இல்லை என்பது மாதிரி. ஆளுநர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் நேரில் வந்து பார்த்துவிட்டு அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தார். நகரத்தைச் சுற்றி 3,500 ஏக்கரோடு குடியேறிகள் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு கிங்கியும் மற்றவர்களும் அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வைதாராவை விடமாட்டோம், அது யாருக்குச் சொந்தமோ அவர்களே வைத்துக்கொள்வார்கள் என்பது அதன் சாரம். கவனியுங்கள், இது 1844. போருக்கு 16 ஆண்டுகள் முன்பு. 1859-ல் கிங்கி திடீரென்று முரண்டு பிடித்தார் என்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1846-ல் வெலிங்டனுக்கு அருகே ஹட் பள்ளத்தாக்கு நிலத் தகராறில் தே ரங்கிஹாயாதா என்ற தலைவர் அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்தார். அப்போது ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் பக்கம் நின்றவர்களில் கிங்கியும் ஒருவர். பின்னால் “ராணிக்கு எதிரான கலகக்காரர்” என்று முத்திரை குத்தப்பட்டவர், அதற்கு முன் ராணியின் ஆளுநருக்காகப் படை நடத்திப் போனவர்.

1848-ல் அவர் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். 587 பேர், 44 ஓடங்கள், சில படகுகள். குதிரைகளோடு கரையோரமாக நடந்து வந்தவர்கள் தனி. கிரேக்கு இது பிடிக்கவில்லை. முதலில் தடுக்கப் பார்த்தார், ஓடங்களை அழித்துவிடுவேன் என்று மிரட்டியதும் உண்டு. வருவதானால் ஆற்றின் வடகரையில் இருந்துகொள்ளுங்கள், தென்கரையை விட்டுவிடுங்கள் என்றார். கிங்கி தென்கரையில்தான் குடியேறினார். வடக்கே வைகாட்டோ, மறுபடி ஒரு படை வந்தால் நடுவில் ஆறு இருக்கட்டும் என்பது ஒரு காரணம். எல்லோரும் சேர்ந்தே இருப்போம் என்பது இன்னொன்று.

அங்கே அவர்கள் சும்மா இருக்கவில்லை. கோதுமை, ஓட்ஸ், சோளம், உருளைக்கிழங்கு, ஆடு மாடு, ஏர், வண்டி என்று பத்து ஆண்டுகளில் வளமான விவசாயிகளாக ஆகிவிட்டார்கள். நியூ பிளிமத் குடியேறிகள் அவர்களிடம் வாங்கினார்கள், விற்றார்கள். அதே குடியேறிகள் ஆற்று முகத்துவாரத்தையும் அந்தக் கறுப்பு மண்ணையும் பார்த்துப் பெருமூச்சும் விட்டார்கள். நியூ பிளிமத்துக்கு நல்ல துறைமுகம் கிடையாது. வைதாரா ஆற்றுக்குள் கப்பல் நுழைய முடியும்.

இங்கே தெய்ரா வருகிறார். தே தெய்ரா மனுகா, தென்கரையில் பாத்தியதை உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் தந்தை தமாதி ராரு. கிங்கி 1848-ல் வந்தபோது தமாதி ராருவின் அனுமதியோடுதான் தென்கரையில் கோட்டை கட்டிக்கொண்டார் என்பது தெய்ரா தரப்பின் வாதம். அரசும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கிங்கியின் பூர்வீகக் கோட்டை வடகரையில் இருந்தது உண்மைதான். ஆனால் மாவோரி நிலத்தில் கரைக்கு ஒரு குடும்பம் என்று கோடு போட முடியாது. கல்யாணம், தத்து, போர், பயிர் செய்த தலைமுறைகள் என்று உரிமைகள் வலைபோல் பின்னியிருக்கும். ஒருவனுக்கு விதைக்கும் உரிமை, இன்னொருவனுக்கு அதே இடத்தில் விலாங்கு மீன் பிடிக்கும் உரிமை, வேறொருவனின் பாட்டி புதைக்கப்பட்ட இடமும் அதுவே. கிங்கியின் மக்களுக்கு அந்தத் தென்கரை மனையில் வீடுகளும் இருந்தன, வயல்களும் இருந்தன.

கிங்கி அப்பழுக்கில்லாத சாந்தமூர்த்தி என்று நான் சொல்ல வரவில்லை. 1854-ல் அரசுக்கு நிலம் விற்கப் போன ராவிரி வையாவுவா என்பவரை, விற்பனையை எதிர்த்த கட்டாதோரே என்ற தலைவரின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அதிலிருந்து ஆண்டுக்கணக்கில் பங்காளிச் சண்டை. கிங்கி நின்றது கட்டாதோரேயின் பக்கம். 1858 ஜனவரியில் கட்டாதோரே கொல்லப்பட்டபோது, அதற்குப் பின்னால் இருந்த இஹாயா என்ற தலைவரைக் கிங்கி முற்றுகையிட்டார். அந்த இஹாயாதான் பிறகு தெய்ராவுக்குத் துணை நின்றார். ஆக, தெய்ராவின் விற்பனையில் பணத்தாசை மட்டும் இல்லை; கிங்கியின் மேல் பழைய வஞ்சமும் இருந்தது. எதிரியை அவமானப்படுத்த அவன் காலடி மண்ணையே விற்றுவிடுவது நல்ல பழிவாங்கல்தானே.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1858-ல் நாட்டில் ஐரோப்பியர்களின் எண்ணிக்கை முதன்முறையாக மாவோரிகளைத் தாண்டியது. ஐரோப்பியர் சுமார் 59,000, மாவோரிகள் சுமார் 56,000. கப்பல் கப்பலாக வந்து இறங்குபவர்களுக்கு நிலம் வேண்டும். மாவோரி விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் கிறிஸ்டோபர் வில்லியம் ரிச்மண்ட் வேறு யாருமல்ல, நியூ பிளிமத்தின் பிரதிநிதி. ஆளுநர் கோர் பிரவுனுக்குக் கண் தெரியாமல் இல்லை. ஐரோப்பியர்கள் இந்த நிலங்களுக்கு ஆசைப்படுகிறார்கள், முடிந்தால் நேர்வழியில், இல்லாவிட்டால் எந்த வழியிலாவது எடுத்துக்கொள்வதென்று இருக்கிறார்கள் என்று 1859-ல் லண்டனுக்கு அவரே எழுதினார். கடைசிப் பாதியை மட்டும் லத்தீனில் எழுதினார். கூச்சம்தான் போல.

1859 மார்ச் 8, நியூ பிளிமத். ஆளுநர் மாவோரித் தலைவர்களைக் கூட்டிப் பேசினார். தகராறு உள்ள நிலத்தை அரசு வாங்காது என்றார். அதே மூச்சில், தனக்குப் பங்கில்லாத நிலத்தின் விற்பனையில் யாரும் தலையிட விடமாட்டேன் என்றும் சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் எல்லாமே நடந்தது. தெய்ரா எழுந்து, பெக்காபெக்கா எனப்படும் 600 ஏக்கர் மனையைத் தருவதாகச் சொன்னார். ஒரு மேலாடையை ஆளுநரின் காலடியில் வைத்தார். எடுத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். நில வாங்கும் துறையின் தலைவர் டொனால்ட் மக்லீன் அதை ஏற்றுக்கொண்டார். கிங்கி எழுந்து இரண்டு மூன்று வாக்கியங்கள் பேசினார். தெய்ரா என்ன சொன்னாலும் வைதாராவை வெள்ளையர்களுக்கு விற்க விடமாட்டேன், வைதாரா என் கையில் இருக்கிறது, கொடுக்கமாட்டேன். “எ கோரே, எ கோரே, எ கோரே” என்று மூன்று முறை. மாட்டேன், மாட்டேன், மாட்டேன். பிறகு தன் ஆட்களோடு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரலில் ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வைதாராவை “எங்கள் படுக்கையறை” என்கிறார். இந்தப் படுக்கை எங்கள் எல்லோருக்கும் உரியது, இதை விற்க நான் சம்மதிக்கமாட்டேன், பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள் என்று எழுதுகிறார். இவ்வளவு தெளிவாக ஒருவர் “எங்கள் எல்லோருக்கும்” என்று எழுதிக் கொடுத்த பிறகும், கிங்கி தனக்கு உரிமை இருப்பதாகச் சொல்லவே இல்லையே என்று அரசு தொடர்ந்து சொல்லிவந்தது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

அரசு அப்படிச் சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது நவம்பர் 29 அன்று. தெய்ராவுக்கு 100 பவுண்டு முன்பணம் கொடுக்கும் நாள். வட்டார அதிகாரி ராபர்ட் பாரிஸ் கிங்கியிடம் கேட்டார்: “இந்த நிலம் தெய்ராவுக்கும் அவர் ஆட்களுக்கும் சொந்தமானதா?” கிங்கி சொன்னார்: “ஆம், நிலம் அவர்களுடையது. ஆனால் விற்க விடமாட்டேன்.” ஏன் என்று கேட்டதற்கு வந்த பதிலைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: நிலம் குலைவதை நான் விரும்பவில்லை, அவர்கள் அதை நீரில் மிதக்கவிட்டுவிட்டார்கள், ஆனால் கடலுக்குப் போக நான் விடமாட்டேன்.

அரசு இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பார்த்தீர்களா, அவரே ஒத்துக்கொண்டுவிட்டார்! அந்தப் பதிலுக்குள் இரண்டு வேறு உரிமைகள் இருக்கின்றன என்று அவர்களுக்குப் படவில்லை, அல்லது படாதது போல் இருந்துகொண்டார்கள். தெய்ராவின் குடும்பத்துக்கு அங்கே பயிர் செய்ய, வீடு கட்ட, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல உரிமை உண்டு. அந்த அர்த்தத்தில் நிலம் அவர்களுடையது. அதைக் குலத்துக்கு வெளியே ஒரேயடியாகக் கைமாற்றும் அதிகாரமோ தனி ஆளுக்குக் கிடையாது, அது ஹாபு என்கிற கிளைக்குலத்துக்கு உரியது. அந்தக் கூட்டத்தின் சார்பாக “வேண்டாம்” என்று சொல்லும் பொறுப்பு அதன் ரங்கதிராவுக்கு, அதாவது தலைவருக்கு. கிங்கி கேட்டது இந்த இரண்டாவது உரிமையை. ஓடம் உன்னுடையதாக இருக்கலாம், அதில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோமே என்பதுதான் அந்தக் கடல் உவமை.

மாவோரி மொழியில் நிலத்துக்கு “ஃபெனுவா” என்று பெயர். நஞ்சுக்கொடிக்கும் அதே சொல்தான். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை ஊர் மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். ஏக்கர் கணக்கில் பேச வந்தவர்களிடம் இதை எப்படி விளக்குவது?

அடுத்த சிக்கல் நீதிமன்றம். அப்போது மாவோரி நில உரிமையை விசாரிக்க எந்த நீதிமன்றமும் கிடையாது. வாங்குபவர் அரசு, விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரிப்பவரும் அரசு, மறுப்பவரை அடக்கப் படை அனுப்புபவரும் அரசு. பாரிஸ் நடத்திய விசாரணை தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்; எல்லாத் தரப்பையும் வைத்துக்கொண்டு பகிரங்கமாக எதுவும் நடக்கவில்லை. நாட்டின் முதல் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சர் வில்லியம் மார்ட்டின் இதைத்தான் கடுமையாக விமர்சித்து எழுதினார். தகராறு சொத்தைப் பற்றியது, அதைக் கீழ்ப்படியாமை என்று ஆக்கிவிட்டீர்கள் என்பது அவர் வாதத்தின் மையம். வைகனாய் நாட்களிலிருந்து கிங்கியை நன்றாகத் தெரிந்த பாதிரியார் ஆக்டேவியஸ் ஹாட்ஃபீல்டும் அவருக்காகப் பேசினார். குடியேறிகளின் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று திட்டித் தீர்த்தன.

1860 ஜனவரி 25 அன்றே ஆக்லாந்தில் முடிவெடுத்துவிட்டார்கள்: நிலத்தை அளக்கப் போவது, தடுத்தால் ராணுவச் சட்டம். அந்தப் பிரகடனத்தில் முன்கூட்டியே கையொப்பமிட்டு அனுப்பியும் வைத்தார்கள். பிப்ரவரி 20 அன்று அளவையாளர்கள் சங்கிலியோடு வைதாராவுக்குப் போனார்கள். அவர்களை எதிர்கொண்டது ஆயுதம் ஏந்திய வீரர்கள் அல்ல, பெண்கள், அதிலும் வயதான பெண்கள். சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள், அளவையாளர்களைக் கட்டிப்பிடித்து நகரவிடாமல் செய்தார்கள். யாருக்கும் அடி இல்லை. இரண்டே நாளில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் மாவோரி மொழிபெயர்ப்பு “சண்டைச் சட்டம்” என்று பொருள்படும்படி இருந்தது. படித்தவர்களுக்கு அது போர் அறிவிப்பாகத்தான் தெரிந்தது.

நடுவில் கிங்கி, படைத்தளபதி கர்னல் மரேக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ராணிக்கு எதிராகக் கலகம் செய்ததாகச் சொல்கிறீர்கள், நாங்கள் அப்படி நினைக்கவில்லை, தகராறுள்ள நிலத்தை வாங்கமாட்டேன் என்று ஆளுநரே சொல்லியிருக்கிறாரே என்று கேட்டார். ஆளுநரின் வாக்கியத்தை ஆளுநருக்கே திருப்பிக் கொடுத்தார். அதற்கு ஒழுங்கான பதில் இல்லை.

மார்ச் 13-ல் படை பாதுகாப்போடு அளவை நடந்தது. கிங்கியின் படைத்தலைவர் ஹாபுரோனா மனையின் ஓரத்தில் ஓர் இரவுக்குள் எல் வடிவக் கோட்டை ஒன்றை எழுப்பினார். தே கோஹியா என்று அதற்குப் பெயர். மார்ச் 17 அன்று சரணடையச் சொன்னார்கள். மறுத்ததும் பீரங்கி முழங்கியது. முதலில் சுட்டது அரசுப் படைதான். இரவோடு இரவாக உள்ளே இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். மறுநாள் பிடிபட்டது காலிக் கோட்டை.

போரின் ஒவ்வொரு மோதலையும் இங்கே எழுதப்போவதில்லை. ஜூன் 27-ல் புகெதகாவெரேயில் பிரிட்டிஷ் படை 30 பேரை இழந்து மோசமாகத் தோற்றது. நவம்பரில் மஹோஎதாஹியில், வைகாட்டோ பக்கத்திலிருந்து உதவிக்கு வந்தவர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். பிறகு ஜெனரல் பிராட் மாதக்கணக்கில் பதுங்குகுழி தோண்டித் தோண்டி முன்னேறினார். நியூ பிளிமத்தைச் சுற்றி இருந்த பண்ணைகள் எரிந்தன, பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றி நெல்சனுக்கு அனுப்பினார்கள். எந்தக் குடியேறிகளுக்கு நிலம் வேண்டுமென்று போர் தொடங்கியதோ, அவர்களே கையிலிருந்த நிலத்தையும் விட்டு ஊருக்குள் அடைந்துகிடந்தார்கள். 1861 மார்ச்சில் விரெமு தாமிஹானா என்ற இன்னொரு பெரிய தலைவர் வந்து பேசி சண்டையை நிறுத்திவைத்தார். கிங்கி வைதாராவின் பொறுப்பை மன்னர் இயக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு வைகாட்டோ பக்கம் போய்விட்டார். 1820-களில் தன் குலத்தை அடித்து விரட்டிய அதே வைகாட்டோவிடம் அவர் அடைக்கலம் போனார். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கோர் பிரவுன் செய்துமுடித்த பெரிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். பரம்பரைப் பகையாளிகளை ஒரே அணியாக்கினார்.

கோர் பிரவுனுக்குப் பதிலாகக் கிரே மீண்டும் ஆளுநராக வந்தார். 1863-ல் வைதாரா கொள்முதலை அவர் புதிதாக ஆராய்ந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கிங்கியின் கோட்டையும், அவர் மக்களின் வீடுகளும், அரசு வாங்கியதாகச் சொன்ன அந்த மனைக்குள்ளேயே இருந்திருக்கின்றன. படை போய் எரித்தது அவற்றைத்தான். “பங்கில்லாத ஆள்” என்று சொல்லப்பட்டவரின் வீட்டு வாசலையே சேர்த்து விலை பேசியிருக்கிறார்கள்! கொள்முதலைக் கைவிட்டுவிடுவது என்று கிரே தீர்மானித்தார். அமைச்சர்கள் இழுத்தடித்தார்கள். அதற்கிடையில் மாவோரிகள் பிடித்துவைத்திருந்த ததராய்மாகா என்ற நிலத்தை மீட்கப் படையை அனுப்பிவிட்டார். வைதாராவைத் திருப்பித் தரப்போகிறோம் என்ற சேதி முதலில் போய்ச் சேரவில்லை, படைதான் போய்ச் சேர்ந்தது. மே 4-ல் ஓகுரா கடற்கரையில் பதுங்கியிருந்தவர்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கைவிடும் பிரகடனம் வந்தது மே 11-ல். ஒரு வாரம் பிந்திவிட்டது.

ஜூலையில் கிரேயின் படை வைகாட்டோவுக்குள் நுழைந்தது. டிசம்பரில் கலகம் செய்தவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்ய ஒரு சட்டம். 1865-ல் தரனாகியில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் பறிமுதல் ஆனது. தவறாக வாங்கியதென்று அரசே ஒப்புக்கொண்டு கைவிட்ட வைதாராவும் அதற்குள் போயிற்று. 600 பவுண்டு கொடுத்து வாங்க முடியாததை ஒரு அறிவிக்கையில் எடுத்துக்கொண்டார்கள்.

கிங்கி தரனாகிக்குத் திரும்பி, வைதாரா ஆற்றின் மேற்பகுதியில் காட்டுக்குள் ஒதுங்கி ஆண்டுக்கணக்கில் இருந்தார். 1872-ல் வெளியே வந்து நியூ பிளிமத்தில் சமாதானம் பேசியபோது அவரை வரவேற்றவர்களில் மக்லீன் இருந்தார். அன்றைக்குத் தெய்ராவின் மேலாடையை ஏற்றுக்கொண்ட அதே மக்லீன். அப்புறம் சில காலம், தே ஃபிதி, தோஹு என்ற தலைவர்கள் ஆயுதமின்றி நிலத்துக்காக நின்ற பரிஹாகா என்ற ஊரில் வாழ்ந்தார். 1881 நவம்பர் 5-ல் அரசுப் படை பரிஹாகாவுக்குள் நுழைந்து அதைக் கலைத்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, 1882 ஜனவரி 13 அன்று, வைதாராவுக்குப் பக்கத்தில் கைங்காரு என்ற இடத்தில் அவர் காலமானார்.

அவர் கலகக்காரரா என்ற கேள்விக்கு அரசே அமைத்த ஒரு குழு பதில் சொல்லியிருக்கிறது. 1926-ல் சர் வில்லியம் சிம் தலைமையில் அமைந்த ஆணையம், ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது கிங்கியும் அவர் மக்களும் ராணியின் ஆட்சிக்கு எதிராகக் கலகம் எதுவும் செய்திருக்கவில்லை, வீட்டை எரித்து விரட்டியபோது தற்காப்புக்காகச் சண்டையிடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று முடிவு சொன்னது. அதன் பரிந்துரைப்படி தரனாகி மாவோரிகளுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு ஈட்டுத்தொகை ஏற்பாடாயிற்று. 12 லட்சம் ஏக்கருக்கு! நிலம் திரும்பவில்லை.

கிங்கி எழுப்பிய அந்த இரண்டாவது உரிமை, அதாவது கூட்டமாக “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை, போர்க்களத்தைவிடச் சட்டப் புத்தகத்தில்தான் முழுசாக ஒழிக்கப்பட்டது என்பேன். 1862-லும் 1865-லும் வந்த நிலச் சட்டங்களால் உருவான மாவோரி நில நீதிமன்றம், குல நிலத்தைத் தனி ஆட்களின் பெயரில் பட்டாவாக மாற்றிக் கொடுத்தது. அதன் பிறகு பெயர் இருப்பவர் விற்கலாம், தலைவர் வேடிக்கை பார்க்கலாம். நாடு முழுக்க தெய்ராக்கள் கிடைத்தார்கள். ஒவ்வொரு வைதாராவுக்கும் ஒரு போர் தேவைப்படவில்லை.

பெக்காபெக்கா மனையின் கதை அதோடு முடிந்துவிடவில்லை. அதன் ஒரு பகுதி நகராட்சியின் கைக்கு வந்து, அதன்மேல் வைதாரா ஊர் வளர்ந்தது. தலைமுறைகளாக அங்கே வீடு குடியிருப்பவர்களுக்கு, அடிமனைக்குக் குத்தகை. தே ஆத்தியாவாவுக்கும் அரசுக்கும் 2014-ல் 8.7 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாடு கையொப்பமானபோதும் இந்தக் குத்தகை மனைகள் திரும்பி வரவில்லை. 2018-ல் தனிச் சட்டம் போட்டு, குத்தகைதாரர்கள் மனையை வாங்கிக்கொள்ளலாம், வரும் பணத்தில் ஒரு பங்கு மனுகோரிஹி, ஓதராவா ஹாபுக்களுக்கு நிலம் வாங்கவும் ஆற்றைப் பேணவும் போகும் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்தச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது கிங்கியின் வழிவந்தவர்கள் கேட்டது பணத்தை அல்ல, மனைகளை.